மறைந்து நிற்கும் எண்ணமும் மனச்சோர்வும்



திருவிழாக் காலத்தில் கோயிலுக்கு வருவோர் எல்லாரும் மகிழ்ச்சியோடு வருகின்றனர் என்றே நாம் கருதுகின்றோம். கொடி ஏறுகின்றது, பேரிகை முழங்குகின்றது, ஐந்து மூர்த்திகளும் வீதிக்கு எழுந்தருளுகின்றனர். குழந்தைகள் ஆர்ப்பரிக்கின்றனர். ஆயினும் அப்பெருங்கூட்டத்தின் நடுவே, தூண் ஒன்றன் அருகில், ஒருவர் தனித்து நிற்கக் கூடும். அவருடைய கைகள் குவிந்துள்ளன. உள்ளம் எதிலும் ஒட்டவில்லை. உணவு சுவைக்கவில்லை, உறக்கம் வரவில்லை. சென்ற ஆண்டு அவர் கண்களில் நீர் பெருக்கிய அதே திருக்கோலம் இவ்வாண்டு அவரை அசைக்கவில்லை. "உமக்கு என்ன குறை?" என்று வினவினால் அவரால் விடை கூற இயலவில்லை. ஆனால் அவருக்குள் ஒரு குரல் இடையறாது பேசிக்கொண்டே இருக்கின்றது. 'நீ எதற்கும் உதவாதவன்; உன்னால் எல்லார்க்கும் தொல்லை; இனி உனக்கு நலம் ஒன்றும் வாராது' என்பதே அக்குரல் கூறும் செய்தி. அக்குரல் பேசுகின்றது என்பதை அவரே அறியார் என்பதுதான் ஈண்டு நாம் கருத வேண்டிய உண்மை.

அறியப்படாத எண்ணம் எவ்வாறு உயிரை வாட்டும்? அதனை அறிவதால் விளையும் பயன் யாது? நம் சமய நெறி இதற்கு எந்த அளவில் துணையாகும்? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

துயரம் வேறு, நோய் வேறு

துயரம் மனித வாழ்வின் இயல்பு. உற்றார் பிரிந்தால் அழுகின்றோம். பொருள் இழந்தால் வருந்துகின்றோம். நாள் செல்லச் செல்ல அத்துயரம் தணிகின்றது. இடையிடையே சிரிப்பும் வருகின்றது. மனச்சோர்வு நோய் அத்தகையதன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலும் நாள் முழுவதும், உள்ளம் தாழ்ந்தே கிடத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், உடல் தளர்தல், கருத்து ஒருமைப்படாமை, காரணமின்றித் தம்மையே குற்றவாளியாகக் கருதுதல், சாவைப் பற்றிய நினைவு மீண்டும் மீண்டும் வருதல் ஆகிய இவற்றுள் பலவும் ஒருங்கே தோன்றின், அதனை நோய் என்றே மருத்துவர் கொள்வர். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டுக்கு வகுத்த கணக்கின்படி, உலகில் சுமார் 28 கோடி மக்கள் இந்நோய்க்கு ஆட்பட்டிருந்தனர்.

இந்நோய்க்குக் காரணம் ஒன்றன்று. குலவழியாக வரும் உடற்கூறு, பேறுகாலத்துக்குப் பின் நிகழும் மாற்றங்கள், தைராய்டு முதலிய சுரப்பிகளின் குறை, இளமையில் பட்ட துன்பம், வறுமை, தனிமை என்று பல உள. அவற்றோடு சேர்ந்து நோயை ஊட்டி வளர்க்கும் ஒன்றாக, மறைந்தோடும் எண்ண ஓட்டத்தைக் கடந்த அறுபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் நன்கு ஆராய்ந்துள்ளது.

மருத்துவர் கண்ட மறைவோட்டம்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். 1921 இல் பிறந்து, நூறு வயது நிரம்பி, 2021 இல் மறைந்தவர். தொடக்கத்தில் அவர் பிராய்டு வகுத்த உளப்பகுப்பு முறையில் பயிற்சி பெற்றவர். பிறர்மீது எழுந்த சினம் உள்நோக்கித் திரும்பித் தம்மையே தாக்குவதால் மனச்சோர்வு விளைகின்றது என்பது அம்முறையினர் கொள்கை. அது மெய்யாயின், நோயாளிகளின் கனவுகளில் சினமும் பகையும் மிகுந்து காணப்படல் வேண்டும். பெக் அக்கனவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அவர் அங்கே பெரிதும் கண்டது சினமன்று. இழப்பும் தோல்வியும் புறக்கணிப்புமே. கொள்கை ஒருபுறமும் சான்று மறுபுறமும் நின்றபோது, அவர் சான்றின் பக்கம் சென்றார்.

பின்னர் அவர் மற்றொன்றையும் கண்டார். தம்மிடம் வந்த நோயாளி ஒருவர் தம் வாழ்க்கைச் செய்திகளை எல்லாம் கூறிவந்தார். கூறும்போதே அவர் பதற்றமுற்றார். காரணம் யாது என்று நுணுகி வினவியபோது, பேச்சுக்கு அடியில் வேறோர் எண்ண ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது புலனாயிற்று. 'நான் இம்மருத்துவருக்குச் சலிப்பூட்டுகின்றேன்' என்பதே அது. அவ்வெண்ணத்தை அந்நோயாளி மறைக்கவில்லை. அஃது இருப்பதை உணரவே இல்லை. கேட்டபோதுதான் உணர்ந்தார். இவ்வாறு முயற்சியின்றி, மின்வெட்டுப் போல் எழுந்து மறையும் எண்ணங்களைத் 'தாமே எழும் எண்ணங்கள்' என்று பெக் குறித்தார். அவை பெரும்பாலும் மூன்று பொருள்களைப் பற்றியனவாக இருத்தலையும் கண்டார்: தன்னைப் பற்றிய தாழ்வு, உலகைப் பற்றிய கசப்பு, எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையின்மை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். தேரோடும் வீதியில் பழைய நண்பர் ஒருவர் நம்மைக் கடந்து போகின்றார். நம்மைப் பார்த்துப் புன்னகை செய்யவில்லை. 'கூட்டத்தில் கவனிக்கவில்லை போலும்' என்று ஒருவர் எண்ணுவார். அவர் உள்ளம் அமைதியாக இருக்கும். 'என்னைக் கண்டும் காணாதவர்போற் போகின்றார். என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்று மற்றொருவர் எண்ணுவார். அவர் உள்ளம் குன்றிப்போகும். நிகழ்ச்சி ஒன்றே. இடையில் நின்ற எண்ணம் இரண்டாயிற்று, உணர்ச்சியும் இரண்டாயிற்று. இரண்டாமவரிடம் 'ஏன் வாடியிருக்கின்றீர்?' என்றால், 'நண்பர் அவமதித்தார்' என்பார். நண்பர் செய்தது நடந்து போனது ஒன்றே; அவமதிப்பைப் படைத்தது எண்ணம். ஆனால் எண்ணத்தை அவர் காணவில்லை. அதன் வழியாக உலகத்தைக் கண்டார். கண்ணாடி அணிந்தவன் கண்ணாடியைக் காணாது அதன் நிறத்தையே பொருள்களின் நிறமாகக் கொள்வது போன்றது இது.

இவ்வெண்ணங்கள் சில வழிகளில் உண்மையைத் திரிக்கின்றன. ஒருமுறை தவறியதை 'எப்போதும் தவறுவேன்' என்று பெருக்குதல் ஒரு வழி. பிறர் உள்ளத்தில் இருப்பதைத் தாமே அறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் மற்றொன்று. செய்த நன்மை பத்தினையும் 'அது எவரும் செய்வதுதானே' என்று தள்ளி, பிழை ஒன்றினை மட்டும் மலையாக்குதல் பிறிதொன்று. சோர்வு எண்ணத்தை எழுப்புகின்றது. எண்ணம் சோர்வை மிகுக்கின்றது. சோர்வுற்ற உள்ளம் பழைய தோல்விகளையே எளிதில் நினைவுகூரும் இயல்பினது ஆகலின், அச்சக்கரம் நிற்பதில்லை.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி உண்டு. 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே, தற்செயலாக, சூசன் நோலன்-ஹோக்சிமா என்னும் உளநூல் அறிஞர் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் தாழும்போது அவர்கள் என்ன செய்வர் என்பதைக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் மீண்டும் வினவினார். துன்பத்தையே அசைபோட்டுக் கொண்டிருக்கும் வழக்கத்தை முன்னரே உடையவர்கள் பின்னர் மிகுதியான சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். நிலம் எல்லார்க்கும் நடுங்கியது. அசைபோடும் உள்ளம் நெடுநாள் நடுங்கியது.

இருளினும் கொடிய இருள்

இனி நம் சாத்திரத்தின் பக்கம் வருவோம். உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயன் பத்து அதிகாரங்களும் நூறு குறட்பாக்களும் உடையது. அதன் மூன்றாம் அதிகாரம் இருண்மல நிலை. புற இருளையும் ஆணவ மலத்தையும் ஆசிரியர் அங்கே ஒப்பிட்டு நோக்குகின்றார். புற இருள் பொருள்களை மறைக்கின்றது. எனினும் 'இங்கே இருள் இருக்கின்றது' என்று தன்னையேனும் காட்டுகின்றது. ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆகலின் அது புற இருளினும் கொடிது என்பது கருத்து.

இருட்டறையில் நிற்பவன் 'இருட்டு' என்று அறிந்து விளக்கைத் தேடுவான். இருட்டையே வெளிச்சம் என்று கொண்டவன் விளக்கைத் தேடுவானா? உள்ளிருந்து ஏசும் எண்ணத்தின் வலிமை முழுதும் இம்மறைவில்தான் இருக்கின்றது. அது 'நான் ஓர் எண்ணம்' என்று வருவதில்லை. 'நானே உண்மை' என்று வருகின்றது.

ஆணவம் என்றவுடன் செருக்கு என்று மட்டும் பொருள் கொள்கின்றோம். சித்தாந்தப் பொருள் அதனினும் ஆழமானது. உயிரை அணுத்தன்மைப்படுத்துவது ஆணவம் என்பர் நூலோர். வியாபகமாகிய உயிரின் அறிவையும் தொழிலையும் சுருக்கி, மிகச் சிறிதாக்கிக் காட்டுவது அதன் தொழில். ஆகவே 'என்னை விட்டால் யார்?' என்று பொங்குவதும், 'என்னால் ஒன்றும் ஆகாது' என்று ஒடுங்குவதும் உயிரின் உண்மை நிலைக்கு அயலானவையே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மனச்சோர்வும் ஆணவ மலமும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஆணவம் எல்லா உயிர்க்கும் உண்டு. நோய் சிலர்க்கே உண்டு. நோயுற்றவர் மலம் மிகுந்தவர் என்பதும், நோயற்றவர் தூயவர் என்பதும் பேதைமை. மறைந்து நின்று மறைத்தல் என்னும் ஒரு தன்மையை விளக்கவே இவ்வொப்புமை கூறப்பட்டது.

படிகம் தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டும். ஆன்மாவும் சார்ந்ததன் இயல்பைத் தன் இயல்பாகக் கொள்ளும் என்பது சித்தாந்தம். செம்மலர் அருகில் சிவந்து தோன்றினும் படிகம் செம்மையுடையது அன்று. 'நான் பயனற்றவன்' என்ற எண்ணம் அருகில் நிற்பதால் உயிர் பயனற்றதாகத் தோன்றுகின்றது. தோற்றமே அன்றி அஃது உயிரின் இயல்பன்று. சோர்வுற்றார் செவியில் நாம் முதலில் சேர்க்க வேண்டிய செய்தி இதுவே.

அடியார் பணிவும் சோர்வுற்றார் தாழ்வும்

அன்பர் சிலர் இவ்விடத்தில் ஐயுறுவர். "நம் அருளாளர்களும் தம்மைப் பொய்யர் என்றும் கடையர் என்றும் பாடினார்கள் அல்லவா? தம்மை இழித்துரைத்தல் பத்தி நெறிதானே?" என்பர். மிக இன்றியமையாத வினா இது. ஏனெனில், சோர்வுற்ற ஒருவர் அத்தகைய பாடல்களை ஓதி, 'பெரியோரே இவ்வாறு கூறினர். என் நிலை சொல்லவும் வேண்டுமா?' என்று மேலும் நைந்துபோதலும் உண்டு.

இரண்டும் சொல்லளவில் ஒத்தவை, திசையளவில் வேறானவை. மணிவாசகர் தம் சிறுமையைக் கூறுவது, கேட்கும் ஒருவன் முன்னிலையில். திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம் முழுவதும் 'என்னைக் கைவிடாதே' என்னும் வேண்டுகோளேயாகும். வேண்டுகோள் விடுப்பவன் நம்பிக்கை இழந்தவன் அல்லன். கேட்பவன் உளன், கேட்டால் அருள்வான் என்று உறுதி கொண்டவன். சோர்வுற்றவர் தம் சிறுமையைத் தமக்கே கூறிக்கொள்கின்றார். அங்கே கேட்பவர் இல்லை. கதவு அடைத்த அறையில் குற்றஞ்சாட்டுபவரும் தாமே, குற்றவாளியும் தாமே, தீர்ப்பு வழங்குபவரும் தாமே. அடியார் பணிவு 'என்பால் ஒன்றுமில்லை. ஆயினும் நீ உளை' என்று விரிகின்றது. சோர்வுற்றார் தாழ்வு 'என்பால் ஒன்றுமில்லை' என்பதோடு முடிந்துவிடுகின்றது. முன்னது கதவைத் திறக்கின்றது, பின்னது தாழிடுகின்றது.

திலகவதியார் காட்டிய வழி

சேக்கிழார் பெருமான் திருநாவுக்கரசர் புராணத்தின் தொடக்கத்தில் ஒரு வீட்டின் பெருந்துயரை எடுத்துரைக்கின்றார். திருவாமூரில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியார் கணவரைத் தொடர்ந்தார். அவர்கள் மகளார் திலகவதியாரை மணஞ்செய்து கொடுக்க உறுதி செய்யப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் வடபுலத்துப் போரில் உயிர் துறந்தார். அடுத்தடுத்து மூன்று இழப்பு. அந்நிலையில் திலகவதியார் தம் உயிரையும் விடத் துணிந்தார்.

இளையவராகிய மருணீக்கியார் தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து அழுதார். தாயும் தந்தையும் சென்ற பின்னும் தாம் உயிர் தாங்குவது தமக்கையார் ஒருவரை வணங்கலாம் என்பதனாலேயே என்றும், அவரும் சென்றால் தாம் இரேன் என்றும் கதறினார். அச்சொல் கேட்டு, தம்பியார் பொருட்டுத் திலகவதியார் உயிர் தாங்கினார்.

இவ்விடத்தை ஊன்றி நோக்குங்கள். அத்தம்பியார் தமக்கையாருக்கு அறிவுரை கூறவில்லை, 'இவ்வாறு எண்ணலாமா?' என்று கடியவில்லை. 'எல்லாம் வினைப்பயன்' என்று விளக்கம் உரைக்கவில்லை. துயரம் மறைத்துவிட்ட ஓர் உண்மையைக் கண்முன் கொணர்ந்து வைத்தார். 'இனி எனக்கு ஒன்றும் இல்லை' என்று துயரம் கூறியது. 'நான் இருக்கின்றேன்' என்று தம்பி கூறினார்.

அதன் பின் தமக்கையார் என் செய்தார்? திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, பொழுது புலருமுன் எழுந்து திருவலகிட்டார், மெழுகினார், மலர் பறித்து மாலை தொடுத்தார். உள்ளம் தெளிந்த பின் பணி செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இன்றைய மருத்துவமும், சோர்வுற்றவர் மனம் வரும்வரை காத்திராது சிறு சிறு செயல்களைக் குறித்த நேரத்தில் தொடங்குதலை ஒரு சிகிச்சை முறையாகவே கொண்டுள்ளது. செயல் முந்த, மனம் பின்தொடரும்.

ஆண்டுகள் சென்றன. சூலை நோயால் துடித்த தம்பியார் இரவில் வந்து தமக்கையாரின் திருவடிகளில் வீழ்ந்தார். வேற்றுச் சமயம் புக்கதற்காக அவரை அம்மையார் ஒரு சொல்லும் ஏசவில்லை. எழுப்பித் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் தேவாரம் பிறந்தது. அன்று திருவாமூரில் 'இனி ஒன்றும் இல்லை' என்ற எண்ணம் வென்றிருந்தால், திருவதிகையில் தம்பியாரைத் தாங்க ஒரு கை இருந்திராது. எதிர்காலம் இல்லை என்று கூறும் எண்ணம் எதிர்காலத்தை அறியாது. இதனை நாம் ஒருபோதும் மறத்தல் கூடாது.

செய்யத்தக்கன

'கெட்டதை நினையாதே, நல்லதையே நினை' என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் பயன் தருவதில்லை. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்றால், மருந்துக் கிண்ணத்தை எடுத்தவுடன் குரங்குதான் நினைவுக்கு வரும் என்பது நம் நாட்டார் அறிந்த உண்மை. 1987 இல் டேனியல் வெக்னர் என்னும் அறிஞர் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டா என்று சிலரிடம் கூறிச் சோதித்து இவ்வுண்மையையே கண்டார். எண்ணத்தோடு மற்போர் செய்யாமல், அதனை வெளிச்சத்துக்குக் கொணர்தலே வழி.

மனம் திடீரெனத் தாழும்போது, 'இப்போது என் உள்ளத்தில் எந்தச் சொல் ஓடியது?' என்று வினவுக. அதனை ஒரு தாளில் எழுதுக. எழுதியவுடன் அது 'உண்மை' என்னும் அரியணையினின்று இறங்கி, 'ஓர் எண்ணம்' ஆகின்றது. பின்னர் மூன்று வினாக்கள்: இதற்குச் சான்று யாது? இதற்கு மாறான சான்று யாது? இதே நிலையில் என் உடன்பிறந்தார் இருப்பின் நான் அவர்க்கு என்ன கூறுவேன்? மூன்றாம் வினாவுக்கு வரும் விடையில் இரக்கம் இருக்கும். அவ்விரக்கம் நமக்கும் உரியது.

இதனை நெறிப்படுத்தியதே பெக்கின் சிகிச்சை. 1977 இல் வெளியான ஆய்வு ஒன்றில் 41 நோயாளிகள் ஈடுபட்டனர். இம்முறையில் சிகிச்சை பெற்றோர், இமிப்பிரமின் என்னும் மருந்து பெற்றோரினும் குறையாத, சற்று மேலான நலத்தையே அடைந்தனர். பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளும் இதன் பயனை உறுதி செய்துள்ளன. ஆயினும் கடுமையான நோயில் மருந்து இன்றியமையாதது. பலர்க்கு இரண்டும் வேண்டும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் ஆகிய நால்வகையையும் சேர்த்தே மருத்துவம் என்றார். நான்காம் இடம் குடும்பத்தாராகிய நம்முடையது. 'பத்தி போதாது', 'சோம்பல்', 'முற்பிறவி வினை' என்று கூறி அவ்விடத்தை நாம் இழத்தல் கூடாது. உடலில் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றோம். உள்ளத்தில் கண்டால் ஒளிக்கின்றோம். மருத்துவர் கையும் திருவருளின் கருவியே.

சாவு நினைவு தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அந்நினைவு உடையாரைத் தனியே விடாதீர்கள்; அதைப் பற்றி அன்போடு வெளிப்படையாகக் கேளுங்கள்; கேட்பதால் அந்நினைவு வளர்வதில்லை. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

திருவைந்தெழுத்து ஓதுவோர் ஓதுக. அஃது அலையும் மனத்துக்கு நிற்க ஓர் இடம் தரும். ஓத இயலவில்லை எனின் வருந்த வேண்டா. நோயின் தளர்ச்சியால் ஓத இயலாதவர்க்காக அருகிருப்பவர் ஓதுக. திலகவதியார் தம்பியார்க்காக முன்னரே விண்ணப்பித்திருந்தார் அல்லவா?

அன்பர்களே! மறைந்து நின்று ஏசும் குரல் உங்களுக்குள் எழுமாயின், அது நீங்கள் அல்லீர் என்று அறிக. உங்கள் இல்லத்தில் ஒருவர்க்குள் எழுமாயின், மருணீக்கியார் போல் அருகில் சென்று 'நான் இருக்கின்றேன்' என்று கூறுக. சொல்லும் செயலும் மருத்துவமும் திருவருளும் கூடி எல்லா உயிரும் சோர்வு நீங்கி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.